உப்புத் தண்ணீரில் போட்ட தளம்

கம்பி போகிற வழியிலேயே விரிசல் போனால் அது சிமெண்டின் குற்றம் இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். விரிசலை ஒட்டிப் பழுப்பாக ஒரு கறை இறங்கியிருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

போன மழைக்காலத்தில் ஆம்பூரில் வேலை செய்கிற குமார் என்ற மேஸ்திரி போனில் ஒரு படம் அனுப்பினான். சன்ஷேடின் அடிப்பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது.

“அண்ணே, பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிடலாமா? ஊட்டுக்காரர் பொங்கலுக்குள்ள முடிக்கணும்னு பேஜார் பண்றாரு” என்றான்.

“வேணாம். தட்டிப் பாரு.”

“தட்டுனா விழுந்துடும்ண்ணே.”

“விழறது விழட்டும். நீ தள்ளி நில்லு.”

அப்புறம் அவனே கேட்டான். ஏன் இப்படி ஆகிறது, எந்தத் தண்ணீரில் கலக்கலாம், எதில் கலக்கக் கூடாது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் கூட வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்புவேன் என்றான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவன். ஆனால் தண்ணீர் என்று அவன் கேட்டதும் தேவசகாயம் சார் வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் தண்ணீரைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

எனக்குக் குடியாத்தம் பக்கம். மண் சுமந்தேன், கம்பி கட்டினேன், கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் வந்த வழிதான்.

கல்யாணம் ஆனதும் ஆம்பூரில் ஒரு டேனரியில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தோல் பதனிடுகிற இடத்தில் கொத்தனாருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஓயாத வேலை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்பை உதறுவார்கள். பிறகு தோலை ஊற வைப்பார்கள். மிச்ச உப்பு தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீர் தரையெல்லாம் ஓடும். பில்லரின் காலை நனைத்துக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கெட்டிதான். ஆனால் அதற்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத வழிகள் உண்டு. உப்பு அந்த வழியே மெல்ல உள்ளே போகும். ஒரு நாள் கம்பியைத் தொடும்.

சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பில்லர் அடியில் காரை பெயர்ந்தால் கொத்திவிட்டுக் கலவை பூசுவேன். அடுத்த வருஷம் அதே இடம் வெடிக்கும். மறுபடியும் பூசுவேன். தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டுகிற காதர் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், “இன்னா மேஸ்திரி, பில்லருக்கு மருதாணி வெச்சியா? செவசெவன்னு கீதே!” துருக்கறையைச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது.

அப்போதுதான் தேவசகாயம் சார் ஓவர்சியராக வந்தார். டிப்ளமா படித்தவர். என்னைவிடச் சில வயது பெரியவர். ஒல்லியான ஆள். சத்தம் போட மாட்டார். கான்கிரீட்டில் கை வைக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கழற்றிவிட்டார் என்றால் வேலை ஆரம்பம் என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். “பாக்கலாம்” என்றால் முடியாது என்று அர்த்தம். “சரி” என்றால் செய்துவிடுவார். முதலாளியிடமும் அந்த இரண்டு சொல்தான். எங்களிடமும் அதே இரண்டு சொல்தான்.

வந்த அன்றே நான் பூசிய பில்லரிடம் வந்து நின்றார்.

“யாரு பூசுனது?”

“நான்தான் சார்.”

“நல்லாப் பூசியிருக்க.” கடிகாரத்தைக் கழற்றினார். சின்ன சுத்தியலை வாங்கி நான் பூசிய இடத்தைத் தட்டினார். பொத்தென்று கேட்டது. தலை உயரத்தில் தட்டினார். கணீரென்றது. “மேல ஒட்டியிருக்குது. கீழ உட்டுப்போச்சு. உட்டுப்போனது மேல பூசியிருக்க.”

எனக்குக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இரும்பு துருப்பிடிச்சா பருக்கும் ஏழுமல. எடம் கேக்கும். கான்கிரீட்டு எடம் குடுக்காது. அப்ப வெடிக்கும். வெடிப்ப மூடிட்டா துரு போயிடுமா? உள்ளதான இருக்குது? மறுபடி தள்ளும்.”

அவ்வளவுதான் விஷயம். பிறகு எத்தனையோ பேர் வந்து எத்தனையோ மிஷின் வைத்துப் பார்த்தார்கள். இதைவிட வேறு எதுவும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பில்லரை அவர் செய்ய வைத்த விதத்தை இப்போது வேலை செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மேலே இருக்கிற பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இறுகாமல் உளி எடுக்கவே விட மாட்டார். பிறகு பில்லரைச் சுற்றிலும் தட்டுவது. பொத்தென்று கேட்கிற இடம் எதுவரை போகிறது என்று சாக்பீஸால் கோடு போடுவார். கோட்டுக்கு வெளியே ஒரு சாண் சேர்த்துத்தான் கொத்தச் சொல்லுவார். கம்பி தெரிந்ததும் நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னால் என் விரல் சுற்றிப் போக வேண்டும். “முன்னாடி மட்டும் கொத்துனா பாதித் துரு பின்னாடி உக்காந்துகினு நம்மளப் பாத்துச் சிரிக்கும்” என்பார்.

பிறகு கம்பி பிரஷ். இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அப்புறம் கழுவுவது. கழுவ நல்ல தண்ணீர்தான் கேட்பார். டேனரி போர் தண்ணீரைக் கிட்ட விட மாட்டார். உப்பைக் கொத்தி எடுத்துவிட்டு உப்பாலேயே கழுவுவதா என்பார். ஆட்கள் குடிக்க வைத்திருந்த கேனைக் கொண்டுவரச் சொன்னார். காதர் பாய்க்குப் பொறுக்கவில்லை.

“நாங்க டம்ளர்ல அளந்து குடிக்கறோம். பில்லரு குளிக்குதா சார்?”

“பில்லரு விழுந்தா உனக்கு டம்ளரே வேணாம் பாய்” என்றார் சார்.

அதற்குப் பிறகு காதர் பாயே கேனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

கம்பிக்குப் பூச்சு, கலவை, ஈரச்சாக்கு. சாக்கு காயாமல் பார்க்க அவரே வந்து தொட்டுப் பார்ப்பார். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பில்லரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கணீரென்றது.

இப்படிப் பல வருஷம் அவரோடு வேலை செய்தேன். எந்த வேலையானாலும் முடிவு எடுக்கும் முன் “உனக்கு இன்னா தோணுது?” என்று கேட்பார். நான் ஒரு தடவை சொல்லுவேன். அவர் கேட்டுக்கொள்வார். பிறகு அவர் சொல்வதுதான். மேலதிகாரியிடம் இரண்டாம் தடவை சொல்வது எங்கள் பழக்கத்தில் இல்லை. அவரும் அப்படித்தான் முதலாளியிடம் இருந்தார்.

பிறகு அவர் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். அந்தப் பக்கம் அப்போதுதான் ஒரு தெரு உண்டாகிக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், டேனரியில் வேலை செய்கிறவர்கள், கூலிக்காரர்கள். சார் வீட்டை என்னைத்தான் கட்டச் சொன்னார். வேலை முடிந்து சாயங்காலமும் லீவு நாளிலும் கட்டினேன்.

தண்ணீர் விஷயத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பக்கம் போரில் வருவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. துணி துவைத்தால் நுரை வராது. ஊரில் எல்லோரும் அதில்தான் வீடு கட்டினார்கள். குடிக்கிற தண்ணீரைச் சிமெண்டில் ஊற்றுவது பாவம் என்பார்கள். இது கஞ்சத்தனம் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் அதுதான் மரியாதை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சார் மட்டும் மலையோரம் இருந்த ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தார். அஸ்திவாரம், சுவர், ஜன்னலுக்கு மேலே வருகிற லின்டல் எல்லாம் அதில்தான். தொட்டியில் இறக்கி மூடி வைப்போம். தெருவில் யார் கண்ணிலும் படாமல் வேலை நடந்தது என்றே சொல்லலாம்.

மேலே கூரைத் தளம் போடும் நாளில் அது நடக்கவில்லை.

நல்ல கோடை. பாலாறு மணலாகக் கிடந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. எங்களுக்கு அது தெரியும். ஆனால் தளம் போட முன்பே நாள் பார்த்தாகிவிட்டது. கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. கலவை மிஷின் வந்து நின்றது. ஆட்கள் வந்துவிட்டார்கள். பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். சார் மனைவியின் சொந்தக்காரர்கள் வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். தளம் போடுகிற ஆட்களுக்கு அன்று சாப்பாடு போடுவது வழக்கம். எங்கள் பக்கம் என்றால் பிரியாணிதான். காதர் பாய் லீவு போட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டியிருந்தார்.

டேங்கர் தெருவுக்குள் திரும்பியது. அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. குடம், பக்கெட், அண்டா, பால் கேன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பெண்கள் லாரிக்கு முன்னால் நின்றார்கள். முன்னால் நின்றவர் சரோஜா. எதிர் வீடு. ஷூ கம்பெனியில் தையல் மிஷின்.

டிரைவர் ஹாரன் அடித்தான். “நகருங்கம்மா! இது வூடு கட்ற தண்ணி!”

“வூடு கட்ற தண்ணியா? எங்க, ஊத்து பாக்கலாம்” என்று சரோஜா கையில் பிடித்து வாயில் விட்டுக்கொண்டார். “அடப்பாவி, கல்கண்டாட்டம் கீது! இதையா சிமெண்ட்டுல ஊத்தப் போறீங்க?” பிறகு சாரைப் பார்த்துத் திரும்பினார். “இன்னா சார், எங்க புள்ளைங்க ஸ்கூலுக்கு வாய் கொப்புளிக்காம போவுது. உங்க கூரை குளிக்கணுமா?”

எங்கள் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பெண்களைப் பார்த்தார். ஒரு கிழவி சொம்போடு நின்றாள்.

“புடிச்சிக்கங்கம்மா” என்றார்.

டிரைவர் பைப்பைத் திறந்தான். டேங்கர் காலியாகும் வரை யாரும் நகரவில்லை. கடைசியில் பைப்பில் சொட்டுவதைக்கூடச் சட்டியில் பிடித்தார்கள். போகும்போது சரோஜா, “நல்லா இருப்ப சார். உன் வூடு நூறு வருஷம் நிக்கும்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

டிரைவரிடம் இன்னொரு லோடு கேட்டோம். கிணற்றில் ஊற வேண்டும், நாளைக்குத்தான் என்றான்.

சார் என்னைப் பார்த்தார். “உனக்கு இன்னா தோணுது?”

“நாளைக்குப் போட்டுக்கலாம் சார்” என்றேன்.

கான்கிரீட் கோஷ்டித் தலைவன் குறுக்கே வந்தான். “நாளைக்கு எங்களுக்கு வாணியம்பாடில வேல சார். அடுத்து எப்ப வருவோம்னு சொல்ல முடியாது. எல்லா வூட்டுக்கும் போர் தண்ணிதான் ஊத்தறோம். எது விழுந்துச்சு சொல்லுங்க?”

சார் மனைவி வாசலில் நின்றார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்புப் பக்கமிருந்து காதர் பாய் கத்தினார், “சார், தம் போட்டுட்டேன்! இனிமே அடுப்ப அணைக்க முடியாது. நிறுத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுடலாம்.”

சார் போர் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்தார். துப்பினார். மேலே ஏறி, கட்டியிருந்த கம்பியைக் குனிந்து பார்த்தார். கம்பிக்குக் கீழே வைக்கிற கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்.

“கவர் ஜாஸ்தி வெச்சிக்கலாம். கம்பிய இன்னும் கொஞ்சம் தூக்கு. சிமெண்ட்டும் கூடப் போடு.”

கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் கான்கிரீட் தடிமனாக இருந்தால் வெளியிலிருந்து உப்பு வந்து சேர நாளாகும். அது சரிதான். ஆனால் இங்கே உப்பு வெளியிலிருந்து வரப்போவதில்லை. கலவையிலேயே இருக்கிறது. முதல் நாளே கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்காகவும் ஏதாவது ஒன்று செய்ததாக இருக்க வேண்டும் என்று சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. மறுபடி சொல்லவில்லை. தளம் போடுகிற அன்று மேஸ்திரி கீழே இறங்கி நின்றுவிட்டால் வேலை நிற்கும். யாரும் மீற மாட்டார்கள். நான் இறங்கவில்லை. சார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். “போடு” என்றார். மிஷின் ஓடியது.

தளம் நன்றாகத்தான் வந்தது. மட்டம் சுத்தம். கான்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அதுவும் போர் தண்ணீர்தான். அந்தக் கோடை முழுக்க வேறு தண்ணீர் கிடைக்கவில்லை.

வீடு குடி போனார்கள். மகள் பியூலா அங்கேதான் வளர்ந்தாள், நர்ஸுக்குப் படித்தாள், கல்யாணம் ஆகி வேலூர் பக்கம் பாகாயம் போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அந்த வீட்டுக்குப் போவேன். உள்ளே நுழைந்ததும் கண் மேலே போகும். சாரும் நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்ப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கேக் சாப்பிடுவோம். மழை பெய்ததா என்று பேசுவோம்.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு நானும். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு கிறிஸ்துமஸுக்குப் போனபோது ஃபேன் மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு. மெல்லிசுதான். அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் கம்பி கட்டிய இடைவெளியிலேயே கோடுகள். நாங்கள் கட்டிய கம்பி அத்தனையும் மேலே படம் போட்டதுபோலத் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் போன் செய்தார். “ஏழுமல, கொஞ்சம் வந்துட்டுப் போ. சுத்தியல் எடுத்துட்டு வா.”

போனேன். அவர்கள் தினமும் சாப்பிடுகிற மேஜைமேல் ஒரு காரைத் துண்டு கிடந்தது. தட்டு அளவு. கனம். மேஜையின் கண்ணாடி தூளாகியிருந்தது. சார் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா சமையலறையில் இருந்ததால் தப்பித்தார்.

ஏணி போட்டு ஏறினேன். சார் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏணி ஏறுகிற வயது தாண்டியிருந்தது. சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். நான் தட்டினேன். பொத். கோடு போட்டேன். தள்ளித் தட்டினேன். பொத். கோட்டை நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போதும் அவருக்கு. ஹாலில் போட்ட கோடும் படுக்கையறையில் போட்ட கோடும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கணீரென்று கேட்ட இடம் மூலைகளில் கொஞ்சம்தான்.

“எறங்கு” என்றார்.

இறங்கினேன்.

“உனக்கு இன்னா தோணுது?”

“ஒரு ரூம் கொத்திப் பாக்கலாம் சார். கம்பி நல்லாருந்தா தப்பிச்சிடலாம்.”

“சரி” என்றார்.

முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கையறையில் கொத்தினோம். டேனரியில் செய்தது போலவே செய்தேன். ஆனால் பில்லரில் உப்பு கீழே மட்டும்தான் இருக்கும். கொத்திக்கொண்டே மேலே போனால் நல்ல கான்கிரீட் வரும், அங்கே நிறுத்தலாம். இங்கே நிறுத்த இடமே வரவில்லை. எங்கே திறந்தாலும் துரு. சில இடத்தில் கம்பி பாதியாக இளைத்திருந்தது. சில இடத்தில் உதிர்ந்துபோய் வெறும் தடம் மட்டும் இருந்தது. கையால் கிள்ளினேன், ஏடு ஏடாக வந்தது. ஒரு ஏட்டைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“மொத்தமா எறக்கிடணும் சார்” என்றேன்.

“ஆமா” என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தார். “பூசி கீசி ஒரு நாலஞ்சு வருஷம் ஓட்ட முடியாதா ஏழுமல? எங்களுக்கு அதுக்கு மேல எதுக்கு?” என்று கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். சார்தான் சொன்னார், “பூசுனா கனம் ஜாஸ்தியாகும் கிரேஸு. சீக்கிரம் விழும்.”

இறக்கிய நாளில் என்னால் பெரிய சுத்தியல் தூக்க முடியவில்லை. வயசாகிவிட்டது. ஆள் வைத்து, பக்கத்தில் நின்று சொன்னேன். கீழே முழுக்க முட்டு நிறுத்தி, மேலிருந்து பட்டை பட்டையாக அறுத்து இறக்கினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. இப்போது எல்லோர் வீட்டிலும் குழாய் இருக்கிறது, கேன் தண்ணீர் வருகிறது. சரோஜாவும் வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது.

“இன்னா மேஸ்திரி, நம்ம தெருவுலயே பெரிய இன்ஜினீரு வூடு இது. இதுக்கா இந்தக் கதி? எங்க வூடே இன்னும் நிக்குது. கட்டும்போதே ஒழுங்காப் போட்டிருக்க மாட்டீங்க” என்றார். கிண்டல்தான். கெட்ட மனசு இல்லை. அவர் வீடு ஓட்டு வீடு, மேலே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது.

அவருக்கு ஞாபகம் இல்லை. எத்தனை கோடையில் எத்தனை டேங்கர். எதை என்று ஞாபகம் வைப்பார்? எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சார் நாற்காலியிலிருந்து கையை லேசாக உயர்த்தினார். பேசாதே என்று. பேசவில்லை.

“ஆமாம்மா. அன்னிக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்” என்றார் சார்.

எல்லோரும் போன பிறகு நானும் அவரும் மட்டும் இருந்தோம். மேலே வானம். முதல் தடவையாகக் கேட்டேன்.

“அன்னிக்கு அந்தத் தண்ணியக் குடுத்தது தப்புன்னு தோணுதா சார்?”

“சேச்சே. அது இல்ல.” அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தண்ணி குடுத்தது சரி. குடுத்துட்டு வேலைய நிறுத்தியிருக்கணும். அத்தினி பேரு வந்துட்டாங்க, இன்னா நெனப்பாங்கன்னு பாத்தேன். நீ சொன்ன. நான் கேக்கல.”

“ஒரு தடவதான சார் சொன்னேன்” என்றேன்.

“ஆமா. ஒரு தடவதான் சொன்ன” என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு அது இன்னும் மனதில் இருக்கிறது.

மறுபடி தளம் போடுகிற நிலையில் அவர் இல்லை. இருந்ததையெல்லாம் மகள் கல்யாணத்துக்கும் அம்மாவின் ஆபரேஷனுக்கும் செலவழித்திருந்தார். “சொவரு நல்லாத்தான இருக்குது? இப்போதைக்கு ஷீட்டு போட்டுடு. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரும்புக் குழாய் நிறுத்தித் தகர ஷீட் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்து வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பியூலா எத்தனையோ தடவை வந்து பாகாயத்துக்குக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. பகலெல்லாம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கட்டிடம் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் தகரத்துக்குக் கீழே இருந்தார். நான் போனால் சிரிப்பார். “ஷீட்டு நல்லாப் போட்டிருக்க” என்பார். அங்கே இருந்தபடியேதான் ஒரு பங்குனியில் காலமானார். அம்மாவைப் பியூலா அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

குமார், நீ கேட்டதற்கு இதுதான் பதில். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார். கரித்தால் அதில் கலக்காதே. நல்ல தண்ணீர் இல்லை என்றால் வேலையை நிறுத்து. ஆள் வந்துவிட்டார்கள், மிஷின் வந்துவிட்டது, வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று பார்க்காதே. ஒரு தடவை சொல்லி அவர் கேட்கவில்லை என்றால் மறுபடி சொல். அதற்கும் கேட்கவில்லை என்றால் கீழே இறங்கி நில்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர் வீட்டில்தான் இருக்கிறது. வாங்கித் திறந்து உள்ளே போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். லின்டலைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீரென்றுதான் கேட்கிறது. ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. அந்த வீட்டில் நானும் அவரும் செய்த எல்லா நாள் வேலையும் இருக்கிறது. ஒரே ஒரு நாள் வேலை மட்டும் இல்லை.